ஸ்டோரிஸ்: பனிக்கடலில் 64 ஆண்டுகள்

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஸ்டோரிஸ் என்ற பனியுடைப்புக் கப்பல், ஓஹியோ மாநிலத்து டொலிடோ நகரில் கட்டப்பட்டு 1942 செப்டம்பர் 30 அன்று பணியில் சேர்ந்தது. நீளம் 230 அடிதான். இத்தகைய கப்பல்கள் பனியைக் கத்திபோல அறுத்துக்கொண்டு போவதில்லை. சரிவான முன்பகுதி பனிப்பாளத்தின் மேல் ஏறும். கப்பலின் கனம் தாங்காமல் பாளம் நொறுங்கும்.

முதல் களம் கிரீன்லாந்து. அலுமினியம் உருக்கத் தேவைப்பட்ட கிரையோலைட் தாது அங்கிருந்தே வந்ததால், போர்க்காலத்தில் அந்தக் கரைக்குக் காவல் தேவைப்பட்டது. 1943 ஜூன் 13 அதிகாலையில் உடன் சென்ற எஸ்கனாபா என்ற காவல் கப்பல் வெடித்து, சில நிமிடங்களில் மூழ்கியது. தேடிப்போன ஸ்டோரிஸும் ராரிட்டன் என்ற கப்பலும் உயிருடன் மீட்க முடிந்தது 2 பேரைத்தான். 101 பேர் மாண்டனர்.

1948இல் ஸ்டோரிஸ் அலாஸ்காவுக்கு மாறியது. பெரிங் கடலோரத்தின் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கு மருத்துவமும் பல் வைத்தியமும் கப்பலேறி வந்தன, நீதிமன்றமும்கூட. 1957இல் பிராம்பிள், ஸ்பார் என்ற இரு கப்பல்களுடன் வடமேற்குப் பாதைக்குள் நுழைந்தது. ஆர்க்டிக் ரேடார் நிலையங்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்கள் பனியில் சிக்கினால் கிழக்கே வெளியேற ஆழமான வழி உண்டா என்று பார்ப்பதே வேலை. மூன்றும் குறுகலான பெல்லோ நீரிணையைக் கடந்து அட்லாண்டிக்கை எட்டின. பெருமை சேர்த்தது இந்தப் பயணம். ஆனால் கப்பலின் பிழைப்பு என்னவோ மீன்வளக் காவல்தான்.

அதில் பேர்பெற்ற சம்பவம் 1972 ஜனவரியில் செயின்ட் மேத்யூ தீவருகே நடந்தது. அமெரிக்க மீன்பிடி எல்லைக்குள் பிடிபட்ட சோவியத் கப்பல்களில் ஒன்றான லாமுட், ஸ்டோரிஸைவிடப் பெரியது. சோதனைக்கு ஏறிய காவலர்களையும் சுமந்துகொண்டே அது பனிக்குள் ஓடப் பார்த்தது. பனி யாருக்குப் பழக்கமான இடம் என்பதை அந்த மாலுமிகள் யோசிக்கவில்லை போலும். ஸ்டோரிஸ் துரத்தி மடக்கியது. வழக்கு அபராதத்தில் முடிந்தது. அவ்வாண்டிலேயே கப்பல் நடுத்தர ரோந்துக் கப்பலாக மாற்றியமைக்கப்பட்டது.

1991இல் படையின் மூத்த கப்பலாகி, முகப்பிலிருந்த 38 என்ற எண்ணைப் பொன்னிறத்தில் தீட்டிக்கொள்ளும் உரிமை பெற்றது. 2007 பிப்ரவரி 8 அன்று ஓய்வுபெற்றது. அந்தப் பொன்னிறம் அகுஷ்னெட் என்ற கப்பலுக்குப் போனது. ஸ்டோரிஸை அருங்காட்சியகமாக்க முயன்றவர்களால் காப்பாற்ற முடியவில்லை. 2013இல் ஏலம் போய், மெக்சிகோவின் என்செனாடாவில் உடைபட்டது.


படை விலைக்கு வாங்கிய பனியுடைப்புக் கப்பல் ஒன்று 2025இல் அதே பெயருடன் ஜூனோ துறையில் பணியில் சேர்ந்தது.