முந்திக்கொண்ட ஒளியும் ஒரு சில்லுக் கண்ணாடியும்

1960இல் முதல் லேசர் ஒளிர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் திறன் மளமளவென்று ஏறியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஒளியைப் பெருக்கப் பெருக்க, பெருக்கித் தரும் படிகமே சேதமானது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தச் சுவரைத் தாண்ட யாருக்கும் வழி தெரியவில்லை.

வழி திறந்தது அமெரிக்காவின் ரோசெஸ்டரில். லேசர் துடிப்பை முதலில் நீட்டி மெலியவைத்து, பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கிவிடலாம் என்று ழெரார் மூரூவும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லாண்டும் கணக்குப் போட்டார்கள். நீட்டுவதற்கு 2.5 கிலோமீட்டர் ஒளியிழை வந்தது. மறுமுனையில் ஒளியே வரவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருந்தது! கடைசியில் கைக்குக் கிடைத்த 1.4 கிலோமீட்டரை வைத்தே வேலையை முடித்தார்கள். 1985இல் வெளியான அந்தச் சிறு கட்டுரை 2018இல் நோபல் பரிசு வரை போனது. ஆனால் அந்த வெற்றியோடு ஒரு தொல்லையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

பெருக்கிக்குள் துடிப்பு சுற்றிச் சுற்றி வரும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கசிந்துவிடும். படிகமும் தன் பங்குக்கு மங்கலாக ஒளிரும். இவையெல்லாம் முன்துடிப்பாக, முதன்மைத் துடிப்பை முந்திக்கொண்டு இலக்கில் போய் விழும். பத்து லட்சத்தில் ஒரு பங்குதானே என்று விடவும் முடியாது. சதுர சென்டிமீட்டருக்கு வாட் கணக்கில் 1க்குப் பின்னால் 20 சுழியங்கள் போடும் துடிப்பில், அந்த ஒரு பங்குக்கே 14 சுழியங்கள். திண்மப் பொருளைப் பிளாஸ்மாவாகக் கொதிக்கவைக்க அது தாராளமாகப் போதும். மாப்பிள்ளை வருமுன்னே பந்தி முடிந்த கல்யாண வீடுபோல, முதன்மைத் துடிப்பு வந்து சேரும்போது அங்கே வெறும் பிளாஸ்மாப் படலம்தான் மிஞ்சியிருக்கும். மின்சாரத்தால் திறந்து மூடும் வாயில்களை வைத்துப் பார்த்தார்கள். அவை திறக்கவே நானோநொடிகள் ஆகும். சில பிக்கோநொடிகளே முந்தி வரும் ஒளி, திறந்த கதவு வழியே துடிப்போடு சேர்ந்து நுழைந்துவிடும். அத்தனை வேகமான கதவுக்கு எங்கே போவது?

1991இல் ஹென்றி காப்டெய்ன், மார்கரெட் மர்னேன், ஆப்ரஹாம் சோக், ரோஜர் ஃபால்கோன் ஆகிய நால்வரும் ஒரு பதிலை வெளியிட்டார்கள். எந்தப் பிளாஸ்மா இலக்கைக் கெடுத்ததோ, அதையே கதவாக்கிவிட்டார்கள். துடிப்பின் பாதையில், ஒளியைக் கடத்திவிடும் ஒரு கண்ணாடிச் சில்லைச் சாய்த்து வைத்தால், மெல்லிய முன்துடிப்பு ஊடுருவி வீணாய்ப் போய்விடும். முதன்மைத் துடிப்பின் முகப்பு பட்ட கணமே மேற்பரப்பு பிளாஸ்மாவாகி உலோகம்போல் பளபளக்கும். அந்தப் பிளாஸ்மா விரிந்து குழம்புமுன்னே துடிப்பு தெறித்து இலக்கை நோக்கிப் போய்விடும். கதவைத் திறப்பது துடிப்பேதான்! வைக்கும் இடத்தில்தான் சூட்சுமம். குவியத்துக்கு அருகே வைத்தால் முன்துடிப்பே கதவைத் திறந்துவிடும். தள்ளி வைத்தால் முதன்மைத் துடிப்புக்கும் திறக்காது. சரியான இடம் பிடிபட்டாலும் ஒரு கண்ணாடி போதவில்லை.

2007இல் பிரான்சின் சக்லே ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடிகளை அடுத்தடுத்து நிறுத்தினார்கள். முன்துடிப்பு பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக ஒடுங்கியது. ஆற்றலில் பாதி மட்டும் மிஞ்சியது. என் பார்வையில் அது மலிவான விலைதான். ஆனால் அடுத்த ஆண்டே இன்னொரு திருப்பம்.

துடிப்புக்குப் பின்னால் வரும் எதிரொளி யாருக்கும் கெடுதல் செய்யாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். நீட்டப்பட்ட நிலையில் அந்த எதிரொளி துடிப்போடு கலந்து, சுருக்கியபின் துடிப்புக்கு முன்னால் புது முன்துடிப்பாக முளைக்கிறது என்று 2008இல் தெரியவந்தது. லேசருக்குள் எதிரொளியைப் பிறப்பிக்கும் இணைமுகக் கண்ணாடிகளை ஆப்பு வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். அதையும் மீறித் தப்பி வருவதை வடிகட்டும் வேலை, பாதையின் கடைசியில் நிற்கும் அந்தச் சில்லுக்கே வந்து சேர்ந்தது.

அதன் பெயர் பிளாஸ்மா கண்ணாடி. ஒவ்வொரு துடிப்புக்கும் அதில் ஒரு புள்ளி கருகிப்போகிறது. அடுத்த துடிப்புக்கு முன் மோட்டார் அதைப் புது இடத்துக்கு நகர்த்துகிறது. துடிப்புக்குத் துடிப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மெல்லிய திரவப் படலங்களை அந்த இடத்தில் நிறுத்தும் முயற்சிகளும் நடந்துவருகின்றன.