பெட்டைக் குதிரைத் தேர்வு

ஷோ ஹண்டர் குதிரைகளை வளர்ப்போர், குட்டி ஈனத் தகுந்த பெட்டையைத் தெரிந்தெடுக்கும் முறை. ஆங்கிலேயரின் வேட்டைச் சவாரியிலிருந்து கிளைத்த காட்சிப் போட்டிக் குதிரையே ஷோ ஹண்டர். இதில் வேகத்துக்குப் பரிசில்லை. தரையை ஒட்டி நீண்டு விழும் அடி, சீரான உடற்கட்டு, அடங்கிய சுபாவம் ஆகியவற்றை நடுவர்கள் பார்க்கின்றனர். ஹண்டர் இனத்தை மேம்படுத்தும் சங்கம் இங்கிலாந்தில் 1885இல் அமைந்தது.

தாயின் பங்கு

குதிரை வணிகத்தில் பொலிக்குதிரையின் பெயரே விலையை ஏற்றுகிறது. ஆனால் குட்டியின் தரத்தில் தாயின் பங்கே பெரிது. மரபணுவில் பாதி அவளுடையது. பதினொரு மாதக் கருப்பையும் அதன் பின் பாலும் முழுக்க அவளுடையவை. குட்டி முதலில் பார்த்துப் பழகுவதும் அவளைத்தான். வால்டன், ஹாமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1938இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்று. பேருருவான ஷயர் இனத்தையும் குள்ளமான ஷெட்லாந்து இனத்தையும் இருவழியாகக் கலந்தார்கள். ஷயர் தாய் ஈன்ற கலப்புக் குட்டி, ஷெட்லாந்து தாய் ஈன்றதைவிடப் பிறப்பிலேயே சுமார் மூன்று மடங்கு எடை இருந்தது. வளர்ந்த பின்னும் அந்த வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

வரலாறு

பெட்டையின் அருமையை முறையாகப் போற்றியவர்கள் பெதூயின் அரபியர். குஹைலான், சக்லாவி முதலிய குதிரைக் குடிகளைத் தாய்வழியாகவே எண்ணினார்கள். நல்ல பெட்டையை எளிதில் விற்கமாட்டார்கள். அரபுக் குதிரைகள் கடல்வழியே தமிழகம் வந்தது பழைய செய்தி. புகார்த் துறைமுகத்தில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னோடுதான் மாணிக்கவாசகர் கதையே தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்று 220 பொன் தினார் வீதம், பாண்டிய நாட்டுக்குத் தர ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார்.

இவ்வளவு பொன் கொட்டியும் சொந்தமாக ஒரு குதிரை இனம் அங்கே ஏன் நிலைக்கவில்லை? நல்ல பொலிக்குதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டியே பிறக்கிறது என்று மார்க்கோ போலோ குறித்தார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதியவரும் அவரே. விடையின் ஒரு பகுதி அந்தத் தீனியில் இருக்கலாம். அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதையே தின்னும் தாயின் எலும்பும் குட்டியின் எலும்பும் வலுவிழக்கும். பழி மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் மட்டுமே உரியதன்று.

இங்கிலாந்தில் 1791இல் தொடங்கிய ஜெனரல் ஸ்டட் புக் வம்சாவளிகளை எழுத்தில் ஏற்றியது. ஆஸ்திரேலியரான புரூஸ் லோ, அதிலுள்ள பெட்டைகளைத் தாய்வழியே பின்தொடர்ந்து, புகழ்பெற்ற பந்தயங்களை வென்ற வழித்தோன்றல்களின் எண்ணிக்கைப்படி 43 குடும்பங்களாக வரிசைப்படுத்தினார். அவர் இறந்த பின் 1895இல் அது நூலாக வந்தது. எண்களுக்கு அவர் தந்த பொருள் இன்று ஏற்கப்படுவதில்லை என்றாலும், தாய்வழியை நூல் பிடித்தாற்போல் காட்டியது அவர் செய்த பெரும் தொண்டு.

பார்க்க வேண்டியவை

தமிழர் மரபில் முதலில் பார்ப்பது மயிர்ச் சுழி. ஆனால் ஈனும் தகுதிக்கு முதலில் பார்க்க வேண்டியது உடலமைப்பு. பிறப்புறுப்பு சாய்ந்தோ மலம் உள்ளே சேரும்படியோ அமைந்த பெட்டையின் கருப்பையில் சீழ் பிடிக்கக்கூடும். 1937 முதல், உறுப்பின் மேற்பகுதியைத் தைத்து மூடும் காஸ்லிக் தையல் இதற்குத் தீர்வாக உள்ளது. கருப்பை உட்படலத்தின் துணுக்கை ஆராய்ந்து தரம் பிரிக்கும் முறையை 1978இல் கென்னி என்ற ஆய்வாளர் வகுத்தார். 15 வயதுக்கு மேல் சினை பிடிப்பது குறையும். கடிக்கும், மிரளும் பெட்டையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்குவதே நல்லது. நெற்றிச் சுழியோ அடையாளச் சீட்டில் பதிவதற்குப் பயன்படும்; ஈனும் தகுதியைச் சொல்லாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள கோலாலம்பூர் போன்ற வெக்கை ஊரில் இன்னொரு சோதனையும் உண்டு. அரை மணி ஓட்டிய பின் சேணத்தடியில் கை வைத்தால் ஈரம் தட்ட வேண்டும். தோல் உலர்ந்திருக்க, விலாக்கள் மட்டும் படபடவென அடித்துக்கொண்டால் அது வியர்வை நின்ற குதிரை. குளிர்நாட்டிலிருந்து வந்தவற்றுக்கு இந்நோய் நேர்வதுண்டு. அப்படிப்பட்ட பெட்டை இங்கே சினையைச் சுமக்கப் படாதபாடு படும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊராதலால் பகல்நேர வேறுபாடு அரை மணிக்கும் குறைவு. ஆகவே பெட்டைகளுக்கு ஆண்டு முழுவதும் பருவம் வரக்கூடும். சேட்டேரியா, கினிப்புல் போன்ற தீவனப் புற்களிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். சினைப் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தனியே கொடுக்க வேண்டும்.

1896இல் தோன்றிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பழைய அம்பாங் சாலைத் திடலில் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. திடல் சுங்கை பீசிக்கு மாறியது. அங்கே ஓடிய குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து இறக்கியவை.