கனிக்கூல் நோட்டு

முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் ரிஜிஸ்தர் எழுதிய கை இது. போரும் புரட்சியும் பற்றிச் சரித்திரம் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு ரிஜிஸ்தருக்குச் சரித்திரம் எழுத குமாஸ்தாவைத் தவிர யார் முன்வரப் போகிறார்கள்? ஆகவே கொரோனா காலத்து முதியவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்த நான், பிரான்சு நாட்டின் ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். அது கொரோனாவுக்காகத் திறந்த நோட்டு இல்லை. வெயிலுக்காகத் திறந்தது.

2003 ஆகஸ்ட் மாதம். பாரிசில் தொடர்ந்து பல நாட்கள் வெயில் 40 டிகிரியை ஒட்டி நின்றது. புதுச்சேரிக்காரர்கள் சிரிப்பார்கள், அக்னி நட்சத்திரத்தில் நமக்கு அது சாதாரணம். ஆனால் அந்த ஊர் வீடுகள் குளிரைத் தடுக்கக் கட்டியவை. பழைய கட்டடங்களின் மேல்தளத்தில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே, சின்னச் சின்ன அறைகள் உண்டு. வசதி குறைந்த கிழவர்கள் பலர் அங்கேதான் தனியாக இருந்தார்கள். ராத்திரியும் சூடு இறங்கவில்லை. ஆகஸ்ட் என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்கு விடுமுறை மாதம் வேறு. பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள், வைத்தியர்களும் போனார்கள், மந்திரிகளும் போனார்கள். அந்த இரண்டு வாரத்தில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் அதிகமாக இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள்.

கணக்கைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. பாரிசில் பல உடல்களைக் கேட்டு யாருமே வரவில்லை. செப்டம்பர் 3 அன்று, தியே என்ற இடத்தில் உள்ள கல்லறையில் 57 பேரை அரசாங்கமே அடக்கம் செய்தது. குடியரசுத் தலைவர் சிராக் போய் நின்றார்.

அவமானம் சட்டமாயிற்று. 2004 ஜூன் 30 தேதியிட்ட சட்டம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, தொழிலாளிகள் வருடத்தில் ஒரு நாள் கூடுதல் சம்பளம் இல்லாமல் வேலை செய்து, அதன் பேரில் முதலாளிகள் முதியோருக்கான நிதிக்குப் பணம் கட்டுவது. பெந்தெகொஸ்து திங்கட்கிழமை விடுமுறை போயிற்று என்று அங்கே அப்போது ஒரே சண்டை. இரண்டாவதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு மேரியும் (எங்கள் ஊரில் நகராட்சி மன்றத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான்) தன் எல்லைக்குள் தனியாக இருக்கும் முதியோர், ஊனமுற்றோர் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. கட்டாயம் இல்லை, விரும்பினால் எழுதிக்கொள்ளலாம். சொந்தக்காரரோ அண்டை வீட்டுக்காரரோ பெயர் கொடுக்கலாம்; சம்பந்தப்பட்டவர் ஆட்சேபிக்கக் கூடாது. வெயில் எச்சரிக்கை வந்தால் மேரி ஆட்கள் அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள்.

என் அக்கா பாரிசுக்கு வடக்கே ஒரு நகராட்சியில் இருக்கிறாள். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். 1962 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் அவர் ஒருவர். அவர் காலமான பிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறாள், மகள் லியோனில். கனிக்கூல் நோட்டில், அதாவது கடும் வெயில் நோட்டில், பெயர் எழுதிக்கொடுக்கும்படி கடிதம் வந்தபோது, "கவர்ன்மென்ட் கேட்டா எழுதிக் குடுத்துடணும்டா தம்பி, பென்ஷன் விவகாரமா இருந்தாலும் இருக்கும்" என்று எழுதிக் கொடுத்தவள் அவள். புதுச்சேரியில் வளர்ந்த எந்தப் பென்ஷன்காரர் வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள்.

2020 மார்ச் 12 இரவு, 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் முடிந்தவரை வீட்டிலேயே இருக்கும்படி குடியரசுத் தலைவர் மக்ரோன் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். மூன்றே நாளில், 15ஆம் தேதி, நகராட்சித் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. வீட்டிலேயே இரு, ஓட்டுப் போட மட்டும் வா. அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போடவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

17ஆம் தேதி மதியம் முதல் நாடு முழுவதும் அடைப்பு. வெளியே காலெடுத்து வைக்க வேண்டுமானால் ஒரு அத்தெஸ்தாசியோன், அதாவது சுய உறுதிமொழிச் சீட்டு, கையில் இருக்க வேண்டும். யார், எப்போது பிறந்தவர், எந்தக் காரணத்துக்குப் போகிறார், தேதி, நேரம், கையெழுத்து. இல்லாவிட்டால் 135 ஈரோ அபராதம். காலாற நடக்கவும் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். கைப்பேசியிலேயே நிரப்பும் வசதி ஏப்ரல் 6 அன்றுதான் வந்தது. அதுவரை பிரிண்டர் இல்லாதவர்கள் வெள்ளைத் தாளில் முழுதையும் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க் கிழவர் கிழவிகளில் எத்தனை பேரிடம் பிரிண்டர் இருந்திருக்கும்? அக்காவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இங்கே கன்னியாஸ்திரிகளிடம் படித்த கையெழுத்து. பத்துப் பத்தாக எழுதி, தேதிக்கும் நேரத்துக்கும் இடம் விட்டு, அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அல்ஜீரியக் கிழவிக்கும் சேர்த்து எழுதினாள். அதற்கு அந்த அம்மாள் ரொட்டி வாங்கி வந்து கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவாளாம்.

மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மேரியிலிருந்து போன் வந்தது. கனிக்கூல் நோட்டை எடுத்துப் பிரித்திருக்கிறார்கள். அக்காவின் நகராட்சி மட்டும் இல்லை, பிரான்சு முழுவதும் பல மேரிகள் அப்படிச் செய்தன. நூலகமும் நீச்சல் குளமும் மூடிக் கிடந்தன. அங்கே வேலை பார்த்தவர்களைத் தொலைபேசி முன்னால் உட்கார வைத்தார்கள். அக்காவைக் கூப்பிட்டது நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். காய்ச்சல் உண்டா, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, சாப்பிட்டீர்களா, யாரிடமாவது பேசினீர்களா. நாலு கேள்வி. ஒவ்வொரு செவ்வாயும் அதே நாலு கேள்வி. மூன்றாவது வாரம் அக்காவின் இரத்த அழுத்த மாத்திரை தீரப்போவது தெரிந்து, மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி வீட்டுக்கே அனுப்ப வைத்தாள் அந்தப் பெண்.

அக்காவுக்கு மேல்வீட்டில் ஒரு பிரெத்தோன் மனிதர், எண்பதை நெருங்கியவர். நோட்டில் பெயர் இல்லை. "அதெல்லாம் கிழவர்களுக்கு" என்று எப்போதோ மறுத்திருக்கிறார். அக்கா அந்தப் பெண்ணிடம் அவர் பெயரைக் கொடுத்தாள். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் போனில் கத்தினாராம். கடைசியில், உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். மறுவாரம் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து கதவைத் திறந்தார்கள். குளியலறையில் விழுந்து, முந்தின இரவிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். கொரோனாவெல்லாம் இல்லை, இடுப்பு எலும்பு. ஜூன் மாதம் வீடு திரும்பினார். தன் பெயரை யார் கொடுத்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அக்காவும் சொல்லவில்லை.

தொற்றுக் காலத்தில் முதியவருக்கு ஆபத்து என்றதும் நாம் கிருமியை மட்டும்தான் நினைக்கிறோம். வழுக்கி விழுவது, மாத்திரை தீர்ந்துபோவது, நாலு நாள் யாரோடும் பேசாமல் இருப்பது, இவையெல்லாம் கதவு சாத்தியபிறகு இரண்டு மடங்காகின்றன. எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எந்த மாலைச் செய்தியிலும் யாரும் வாசிக்கவில்லை.

கிருமியால் போனவர்களிலும் எல்லோரையும் உடனே எண்ணிவிடவில்லை. எபாத் என்று அங்கே சொல்வார்கள், தள்ளாதவர்களைப் பராமரிக்கும் இல்லங்கள். மார்ச் 11 முதல் அவற்றுக்குள் உறவினர் யாரும் நுழையக்கூடாது என்றார்கள். ஏப்ரல் தொடக்கம் வரை தினசரிச் சாவுக் கணக்கில் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். ஏப்ரல் 2 அன்றுதான் எபாத்தில் இறந்தவர்களையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதல் அலையில் பிரான்சில் இறந்த சுமார் 30,000 பேரில் பத்தாயிரத்துக்கு மேல் அந்த இல்லங்களின் அறைகளிலேயே இறந்தவர்கள். ஏப்ரல் 20ஆம் தேதி வாக்கில் மறுபடி பார்க்க அனுமதித்தபோதும் நிபந்தனை: தொடக்கூடாது. அம்மாவைப் பார்க்கப் போய் இரண்டு கஜம் தள்ளி உட்கார்ந்து வருவதை நினைத்துப் பாருங்கள்.

எண்ணாமல் விடுவது அவர்களுக்குப் புதிதும் இல்லை. 1969 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஹாங்காங் ஃப்ளூ பிரான்சில் சுமார் 30,000 பேரைக் கொண்டுபோயிற்று. அடைப்பு இல்லை, பெரிய செய்தியும் இல்லை. முப்பது வருடம் கழித்துப் புள்ளிவிவரங்களைப் புரட்டியவர்கள்தான் அந்தத் தொகையை வெளியே கொண்டுவந்தார்கள். (1918 விஷக்காய்ச்சல் இதற்கெல்லாம் நேர்மாறு. அது அதிகம் கொண்டுபோனது இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை. கிழவர்கள் ஓரளவு தப்பினார்கள். சிறுவயதில் அதைப் போன்ற வேறொரு கிருமியைப் பார்த்த உடம்புகள் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஒரு காரணம். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.)

ஏப்ரல் 13 அன்று மக்ரோன் மறுபடி தொலைக்காட்சியில் வந்தார். மே 11 முதல் அடைப்பு தளரும், ஆனால் வயதானவர்கள் கொஞ்ச காலம் இன்னும் உள்ளேயே இருக்க வேண்டும் என்றார். இரண்டு நாளில் அரசின் விஞ்ஞானக் குழுத் தலைவர் தெல்ஃப்ரேசி செனட் சபையில் ஒரு கணக்குச் சொன்னார்: வயதாலோ நோயாலோ அப்படி உள்ளே இருக்க வேண்டியவர்கள் 1 கோடியே 80 லட்சம் பேர். நாடே கொதித்தது. எழுபது வயதில் எழுதுகிறவர், கற்பிக்கிறவர், பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவர் எல்லோரும், பிறந்த தேதியைப் பார்த்து எங்களைப் பூட்டுவதா என்று கேட்டார்கள். 17ஆம் தேதி அரசு இறங்கி வந்தது: வேறுபாடு கிடையாது, அவரவர் பொறுப்பில் ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

எனக்கு அவர்கள் கோபம் பிடித்திருந்தது. இங்கே அதே மே மாதம், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வெளியே வரக்கூடாது என்று உள்துறை உத்தரவு இருந்தது. எனக்கு அப்போது 72. எங்கள் தெருவில் யாரும் கொதிக்கவில்லை. பிள்ளைகள் சொல்கிற மாதிரிதானே அரசாங்கமும் சொல்கிறது என்று இருந்துவிட்டோம். ஆனால் அந்த வயதிலும் காய்கறி வண்டி தள்ளிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். உள்ளே இரு என்றால் அவர்கள் எதைத் தின்பது? மத்திய அரசு முதியோர், விதவை, ஊனமுற்றோருக்கு இரண்டு தவணையாக 1,000 ரூபாய் போட்டது. சுமார் 2.8 கோடிப் பேருக்கு. அதுவும் ஒரு ரிஜிஸ்தர்தான்: ஏற்கெனவே தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பெயர் இருந்தவர்களுக்கு வந்தது. பெயர் இல்லாத காய்கறிக்காரருக்கு வரவில்லை. அந்த மாதிரிப் பட்டியல்களில் பெயர் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

நவம்பர் வந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உயிர்ச் சான்று. நான் இன்னும் சாகவில்லை என்று நேரில் போய்க் காட்ட வேண்டும். தொற்றுக்குப் பயந்து வீட்டில் ஒளிந்திருப்பவர்களை வங்கி வரிசையில் நிற்க வைக்கும் சடங்கு. அந்த வருடம் மத்திய அரசு தன் ஓய்வூதியர்களுக்குக் கெடுவை 2021 பிப்ரவரி 28 வரை நீட்டியது. தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கும் ஏற்பாடும் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் முகக்கவசத்தோடு திண்ணையில் நின்றுகொண்டு முதலில் சானிடைசர் ஊற்றினார். எழுபது வயதுக் கட்டைவிரலில் ரேகையே பாதி தேய்ந்திருக்கும், சானிடைசர் பட்டு விரல் காய்ந்துவிட்டது, கருவி ஏற்கவில்லை. "ஐயா, நெத்தியில தேச்சிட்டு வைங்க" என்றார். தேய்த்தேன். வியர்வை ஒட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. நான் உயிரோடிருப்பது நிரூபணமாயிற்று. முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி அடுத்த நவம்பரில் வந்தது. தனியாக இருக்கும் முதியோர் கூப்பிட்டுப் பேச 14567 என்ற எண் 2021 அக்டோபரில் நாடு முழுமைக்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அதில் நாம்தான் கூப்பிட வேண்டும். குளியலறையில் விழுந்து கிடப்பவர் எப்படிக் கூப்பிடுவார்?

2020 டிசம்பர் 27 அன்று பிரான்சில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் 78 வயது மொரிசெத் என்ற அம்மாள். பாரிசுக்கு வடகிழக்கே செவ்ரான் ஊர் ஆஸ்பத்திரியில். அடுத்த ஜனவரி 18 முதல் 75 தாண்டியவர்களுக்கெல்லாம் போட ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு முறை எடுத்துக் கொடுத்ததும் அந்த நூலகப் பெண்தான். கணினியில் இடம் பிடிக்க மூன்று நாள் போராடினாளாம்.

கனிக்கூல் நோட்டை அக்காவின் மேரி வருடா வருடம் புதுப்பிக்கிறது. கோடைக்கு முன்னால் கடிதம் வரும், விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் முதலில் மகள் பெயர், இரண்டாவதாக அல்ஜீரியக் கிழவி பெயர். மூன்றாவதாக ஒரு வரி காலியாக இருந்ததாம். "மேல்வீட்டுக்காரர் பேரை எழுதிட்டேன்டா தம்பி" என்றாள் போன மாதம். "அவரைக் கேட்டியா அக்கா?" என்றேன். "கேட்டா கத்துவாரு" என்றாள்.