கல்யாணத்துக்குள்ளும் அரசியல்: புதுக்கோட்டையை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸ் யார்?

அத்தை பையன், மாமா பொண்ணுன்னா கட்டிக்கிற முறை. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்னா அண்ணன் தங்கச்சி. நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கு, மானுடவியலில் பெரிய விவாதமாகவே நடந்திருக்கிறது. அதில் புதுக்கோட்டைக்கும் ஓர் இடம் உண்டு.

ஆப்பிரிக்கா எப்படி வந்தது?

1940களில் பிரிட்டிஷ் மானுடவியலாளர்கள் உறவுமுறையை அதிகம் ஆராய்ந்தது ஆப்பிரிக்காவில்தான். சூடானின் நூயர் மக்களைப் படித்த எவான்ஸ்-பிரிட்சார்ட் போன்றவர்கள், ஒரே முன்னோரின் வம்சம் என்பதே அங்கே சமூகத்தைக் கட்டி வைக்கிறது என்றனர். உசிலம்பட்டிப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன், தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது என்றார். இங்கே கொண்டான் கொடுத்தான் உறவுதான் தலைமுறை தாண்டி நிற்கிறது என்பது அவர் வாதம்.

டர்க்ஸ் என்ன சொன்னார்?

துய்மோன் சாதியைச் சுத்தம், தீட்டு என்ற அளவுகோலால் விளக்கியவர். அந்தக் கணக்கில் மன்னர் பிராமணருக்குக் கீழேதான். அமெரிக்கரான டர்க்ஸ், 1987இல் வெளியான ‘தி ஹாலோ க்ரவுன்’ நூலில் இதை மறுத்தார். கள்ளர் வம்சத்தவரான தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டையில், படைத்தலைவர், கோயில், ஊர்ப்பணியாளர் எல்லோருக்கும் நிலம் இனாமாகப் போனது மன்னர் கையிலிருந்துதான். யார் மன்னருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதே அந்தஸ்து. பெண் கொடுப்பது, எடுப்பது வரை அது எட்டியது. அரச குடும்பத்தின் அம்புநாட்டுக் கள்ளர்கள் திருமண உறவில் தனித்து நின்றதை டர்க்ஸ் காட்டினார்.

அது ஏன் ‘வெற்றுக் கிரீடம்’?

பிரிட்டிஷார் வந்த பிறகு அரண்மனையும் தர்பாரும் மிஞ்சின, அதிகாரம் மிஞ்சவில்லை என்பதால். இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணமே போதும். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்க்கை மணந்தார். பிரிட்டிஷ் அரசு மோலியை ராணியாக ஏற்கவில்லை; அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு வாரிசு உரிமையும் கிடைக்கவில்லை. மன்னர் வீட்டு மருமகள் யார் என்பதைக்கூட வெள்ளைக்காரன்தான் முடிவு செய்தான்!

1928இல் மன்னர் இறந்ததும், ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான் அரியணைக்குத் தேர்வானார். 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபோது மன்னராக இருந்தவர் அவர்தான்.

டர்க்ஸ் பின்னர் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.