காசினி விண்கலத்தின் உயர் ஈட்ட அலைவாங்கி

காசினி விண்கலத்தின் உயர் ஈட்ட அலைவாங்கி என்பது பூமியுடனான வானொலித் தொடர்புக்கும் ரேடார் ஆய்வுக்கும் பொதுவாகப் பயன்பட்ட, 4 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவ ஆன்டெனா ஆகும். இதனை இத்தாலிய விண்வெளி நிறுவனம் வழங்கியது. 1997 இல் ஏவப்பட்ட காசினி, 2004 இல் சனிக் கோளை அடைந்து, 2017 செப்டம்பர் 15 அன்று அக்கோளின் வளிமண்டலத்தில் எரிந்து முடியும் வரை இவ்வலைவாங்கி இயங்கியது. பயணத்தின் தொடக்கத்தில் கதிரவனின் வெப்பத்திலிருந்து கலத்தைக் காக்கும் குடையாகவும் இது பயன்பட்டது.

நேரப் பங்கீடு

தரவுகள் 8.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பூமிக்கு அனுப்பப்பட்டன, ரேடார் 13.8 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. அதிர்வெண்கள் வேறாயினும் கிண்ணம் ஒன்றே. அது கலத்தின் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருந்ததால், திசை மாற்ற முழுக் கலத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. எனவே டைட்டன் துணைக்கோளை ரேடாரால் ஆராயும்போது பூமியுடன் பேச இயலாது. தரவுகள் கலத்தின் நினைவகத்தில் சேமிக்கப்பட்டு, பின்னர் பூமியை நோக்கித் திரும்பிய பிறகே அனுப்பப்பட்டன. வெள்ளிக் கோளை ஆராய்ந்த மகெல்லன் விண்கலமும் இதற்கு முன் இவ்வாறே ஒரே அலைவாங்கியை இரு பணிகளுக்கும் மாறிமாறிப் பயன்படுத்தியது.

ரேடார் முடிவுகள்

டைட்டனின் அடர்ந்த மூட்டத்தைச் சாதாரண ஒளி எளிதில் ஊடுருவாது. ரேடார் அலைகள் ஊடுருவும். 2006 ஜூலையில் எடுத்த படங்களில் வடதுருவத்தருகே கரிய திட்டுகள் தெரிந்தன. வழவழப்பான பரப்பு அலைகளை வேறு திசையில் தெறிக்கச் செய்வதால் அவை கருமையாகத் தோன்றின. அவை மீத்தேன், ஈத்தேன் நிறைந்த ஏரிகள் என அறியப்பட்டது. 2013 மே மாதத்தில் லைஜியா கடலின் மேற்பரப்பிலிருந்தும் அடித்தரையிலிருந்தும் தனித்தனி எதிரொலிகள் கிடைத்தன. ஆழம் சுமார் 160 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டது.

தொடர்பு அலையே அளவுகோலாக

உண்மையில் இரு பணிகளும் ஒன்றிணைந்தது வானொலி அறிவியல் சோதனைகளில்தான். 2005 இல் சனியின் வளையங்களினூடே 2.3, 8.4, 32 கிகாஹெர்ட்ஸ் அலைகள் பூமிக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வோர் அலையும் எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து வளையத் துகள்களின் அளவு மதிப்பிடப்பட்டது.

2005 ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் ஆய்வுக்கலத்தின் குறிகைகளைப் பெற்றதும் இதே கிண்ணமே. காசினியின் இரு ஏற்பிகளில் ஒன்றை இயக்கும் கட்டளை விடுபட்டதால் ஏறத்தாழப் பாதிப் படங்கள் இழக்கப்பட்டன. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனையும் அத்தடத்தையே நம்பியிருந்தது. எனினும் ஹைகன்ஸின் மெல்லிய அலையைப் பூமியிலிருந்த கிரீன் பேங்க், பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கிகள் நேரடியாகப் பெற்றிருந்தன. அதன் டாப்ளர் பெயர்ச்சியைக் கொண்டு டைட்டனின் காற்று வேகம் கணிக்கப்பட்டது.