டி.டி.எஸ் மீட்டர் சொல்லாத சேதி... சென்னை வீட்டுத் தண்ணியை நம்பலாமா?

வேலைக்காக சென்னைக்கு வந்து, வாடகைக்கு வீடும் எடுத்தாச்சு. பால் காய்ச்சின வாரமே காலிங் பெல் அடிக்கும். "சார், உங்க வீட்டுத் தண்ணிய ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம்" என்று ஒருவர் நிற்பார். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ தண்ணீர். இரண்டிலும் ஒரு கருவியைச் செருகி ஸ்விட்ச் போடுவார். ஒரே நிமிடத்தில் உங்கள் தண்ணீர் மட்டும் சாக்கடை கலருக்கு மாறிடும். "இதைத்தான் சார் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க!"

பதறாதீங்க. அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. உப்பு இருக்கும் தண்ணீரில் கரன்ட் பாயும், கம்பி அரித்துத் துரு இறங்கும். ஆர்.ஓ தண்ணீரில் உப்பு ரொம்பக் கம்மி, அதனால் ஒன்றும் ஆகாது. அந்த ஆர்.ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்க, அதுவும் பழுப்பாகிடும். நான் ஒருமுறை கேட்டேன். மனுஷன் அவசரமாக அடுத்த ஃபிளாட்டுக்குக் கிளம்பிட்டார்.

அடுத்த அஸ்திரம் டி.டி.எஸ் மீட்டர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தலை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோல்படி ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை ஓகே. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஆனால், கிருமி இருக்கா, இல்லையா என்று மீட்டருக்குத் தெரியாது. கழிவுநீர் லேசாகக் கலந்த தண்ணீர்கூட 300 காட்டிவிட்டு அப்பாவியாக நிற்கும். டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் வருவது அந்த 300-லிருந்துதான், போர் தண்ணீரின் 900-லிருந்து இல்லை.

தெருமுனை வரைக்கும் ஓகே

சென்னைக்கு பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், கடலூர் மாவட்டத்து வீராணம், ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூர் மற்றும் நெம்மேலியின் கடல்நீர் ஆலைகள் எனப் பல இடங்களிலிருந்து தண்ணீர் வருகிறது. ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம், புழல், செம்பரம்பாக்கம் போன்ற நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்த்துத்தான் வெளியே போகிறது.

சிக்கல் அதற்குப் பிறகு. நம் தெருக்களில் தண்ணீர் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. சப்ளை நின்றதும் குழாய் காலியாகும். எங்காவது விரிசல் இருந்தால் சுற்றியிருக்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே கசியும். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் போனால் கேட்கவே வேண்டாம். யாராவது மெட்ரோ வாட்டர் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். அவர் இழுப்பது தண்ணீரை மட்டுமில்ல, விரிசலில் இருப்பதையும்தான். அது சட்டவிரோதமும்கூட.

அதனால் சப்ளை வந்ததும் முதல் சில நிமிடத் தண்ணீரைச் சம்ப்பில் விடாதீங்க. பக்கெட்டில் பிடித்து வாசல் கழுவுங்க.

அந்த மருந்து வாசனை

"தண்ணியில மருந்து நாத்தம்" என்று நாம் சலித்துக்கொள்ளும் குளோரின்தான் உண்மையில் நமக்கு செக்யூரிட்டி. குழாய் முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். நீச்சல்குளத்துக்கு விற்கும் குளோரின் டெஸ்ட் கிட்டை ஆன்லைனில் வாங்கிக்கலாம். சாதாரண கிட்டில் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். (டெஸ்ட் செய்த தண்ணீரைக் கீழே ஊற்றிடுங்க, குடிக்கக் கூடாது.) தெருக்குழாயில் மஞ்சள் வருது, கிச்சன் குழாயில் வரலைன்னா, குளோரினைத் தின்றது உங்கள் சம்ப்போ மேல்தொட்டியோதான்.

பல அப்பார்ட்மென்ட்களில் சம்ப்பைத் திறந்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அடிமண்ணை அள்ளி, தேய்த்துக் கழுவணும். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம். மூடி தரைமட்டத்திலேயே இருந்தால், தெருவில் தேங்கும் தண்ணீர் நேராக உள்ளேதான் போகும். அதை ஒரு அடியாவது உயர்த்திக் கட்டச் சொல்லுங்க. கழுவி நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவான நீரை மட்டும் ஊற்றுங்க. அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். திறந்தே கிடந்த பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், அது வேஸ்ட்.

தனியார் லாரித் தண்ணீர் பெரும்பாலும் கிணறு அல்லது போர் தண்ணீர். குளோரின் போட்டிருப்பார்கள் என்று நினைக்காதீங்க. தெருவில் இழுபட்ட அந்த ஹோஸ் அப்படியே சம்ப்புக்குள் இறங்குவதையும் ஒருமுறை பாருங்க! கேன் வாட்டர் என்றால் சீல், தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் மூன்றும் இருக்கணும். வெயிலில் அடுக்கி வைத்த கேனை வாங்க வேண்டாம்.

ஆர்.ஓ வேணுமா, வேணாமா?

டி.டி.எஸ் 500-க்குள் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. நல்ல ஃபில்டரும் யு.வி-யும் போதும், அல்லது தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தாலே கிருமி காலி. உப்பு மட்டும் குறையாது. போர் தண்ணீரை மட்டுமே நம்பும் புறநகர் வீடுகளுக்கு ஆர்.ஓ நியாயமான செலவுதான். ஆனால், ஒரு லிட்டர் சுத்தமாக்க இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதைப் பிடித்து வைத்தால் வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ ஆகும். சந்தேகம் தீரணும்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலோ, அங்கீகாரம் பெற்ற லேபிலோ கிருமிப் பரிசோதனை செய்யுங்க. 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலை பாக்டீரியாகூட இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

குழாய்த் தண்ணீர் திடீரெனக் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் முதலில் சம்ப் வால்வை மூடுங்க. பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று கேளுங்க. அங்கேயும் அதே கதை என்றால் பிரச்னை தெருவில்தான். 1916-க்கு போன் செய்து புகார் எண்ணை வாங்கிக்கோங்க. ஒரே தெருவிலிருந்து நாலு புகார் போனால் டிப்போவிலிருந்து ஆள் வருவது வேகமாகும். சரியாகும் வரை கொதிக்க வைத்த தண்ணீர்தான், பல் தேய்க்கவும்கூட. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால், தண்ணீரை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்க.

இன்னும் வீடு தேடிக்கொண்டுதான் இருக்கீங்களா? பால்கனி வியூ பார்த்தது போதும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி ஓனரிடம் சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. கடைசியாக எப்போ கழுவினாங்க என்று வாட்ச்மேனிடம் தனியாகக் கேளுங்க.