ஆயிரம் டேப்லெட், ஆயிரம் எண்

கணக்குப்பதிவியலில் நிலைச் சொத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. மேஜையோ கணினியோ, எதை வாங்கினாலும் அதற்கு ஒரு எண் கொடுத்து, எப்போது வாங்கியது, யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும் பாடம் இது :-) ஆனால் பள்ளிகளும் அலுவலகங்களும் டேப்லெட்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்க ஆரம்பித்தபோது, இந்தப் பதிவேட்டு வேலைதான் பெரிய தலைவலியாக மாறியது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கருவிக்கு எண் கொடுக்கும் பழக்கம் டேப்லெட்டோடு வந்தது அல்ல. 1980ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஈதர்நெட் விதிமுறையை வெளியிட்டன. அதில் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் முகவரி. இன்று நாம் மேக் முகவரி என்று சொல்வது இதைத்தான். முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் குறிக்கும். மீதி 24 பிட்டை வைத்து ஒரு தொகுதியில் 1,67,77,216 கருவிகளுக்கு எண் கொடுக்கலாம்.

செல்போன்களுக்கு ஐ.எம்.இ.ஐ. வந்தது. மொத்தம் 15 இலக்கம். முதல் 8 மாடலைக் குறிக்கும், அடுத்த 6 தொடர் எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். எழுதும்போது ஒரு இலக்கம் தப்பினால் கணக்கு இடித்துவிடும், தவறு உடனே தெரிந்துவிடும். கடன் அட்டை எண்ணிலும் இதே கணக்குதான்.

2010ல் ஐபேட் வந்தது. வைஃபை மட்டும் உள்ள மாடலுக்கு ஐ.எம்.இ.ஐ. கிடையாது. சீரியல் எண், மேக் முகவரி, அப்புறம் யு.டி.ஐ.டி. என்ற 40 எழுத்து நீளமுள்ள அடையாளம், இவைதான் இருந்தன. ஆப் ஸ்டோருக்குப் போகாத ஒரு செயலியைச் சோதனைக்காகக் கொடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கருவியின் யு.டி.ஐ.டி.யையும் முன்கூட்டியே வாங்கிப் பதிய வேண்டும். ஐபேடைக் கணினியில் செருகி, ஐட்யூன்ஸில் சீரியல் எண்மேல் கிளிக் செய்தால் அது தெரியும். அதை நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பத்துக் கருவி என்றால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் என்றால்?

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருந்தது. அந்த எண்ணைக் கருவியின் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதில் ஓடும் எந்தச் செயலியும் படிக்க முடிந்தது. ஆக, நமக்குத் தெரியாமலே யார் யாரோ பதிவேடு வைத்திருந்தார்கள். 2012 செப்டம்பரில் ஆன்டிசெக் என்ற ஹேக்கர் குழு 10,00,001 யு.டி.ஐ.டி.க்களை வெளியிட்டது. எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரின் மடிக்கணினியிலிருந்து எடுத்ததாகச் சொன்னார்கள். எஃப்.பி.ஐ. மறுத்தது. கடைசியில், அது தங்களிடமிருந்து போன பட்டியல் என்று புளூடோட் என்ற புளோரிடா நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2013 மே 1 முதல் யு.டி.ஐ.டி.யைப் படிக்கும் செயலிகளை ஆப்பிள் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதே 2013ல் இதற்கு நேர் எதிரான பிரச்சினை வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் 3 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு மாணவர்களுக்கு ஐபேட் கொடுக்க ஆரம்பித்தது. சில வாரங்களிலேயே சுமார் 300 மாணவர்கள், கட்டுப்பாட்டுக்காகப் போட்டிருந்த புரொஃபைலை அழித்துவிட்டு இஷ்டப்படி இணையத்தில் உலாவினார்கள். கருவி பள்ளியுடையதுதான், ஆனால் அது கருவிக்குத் தெரியவில்லை! வேறு பல சர்ச்சைகளும் சேர்ந்து, 2014 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது.

2014ல் ஆப்பிள் கொண்டு வந்த டிவைஸ் என்ரோல்மென்ட் புரோகிராம் இந்த வேலையைத் தலைகீழாக்கியது. சீரியல் எண்ணை வாங்குபவர் சேகரிக்க வேண்டாம். விற்கும்போதே அது வாங்குபவரின் கணக்கில் ஏறிவிடும். பெட்டியைப் பிரித்து முதல்முறை இயக்கியதும், "நான் யாருக்குச் சொந்தம்?" என்று கருவியே ஆப்பிள் சர்வரைக் கேட்டுக்கொள்ளும். புரொஃபைலை அழிக்க முடியாதபடியும் செய்யலாம். 2017ல் மைக்ரோசாஃப்ட் ஆட்டோபைலட் என்று இதே வழிக்கு வந்தது. அங்கே சீரியல் எண் போன்ற பல விவரங்களைச் சேர்த்து ஹார்டுவேர் ஹாஷ் என்ற ஒரு நீளமான குறியீடு. 2019ல் ஆண்ட்ராய்டு 10, சாதாரண செயலிகள் ஐ.எம்.இ.ஐ.யையும் சீரியல் எண்ணையும் படிப்பதைத் தடுத்தது. நிறுவனம் தன் கருவியை நிர்வகிக்கப் போடும் செயலிக்கு விலக்கு உண்டு.

இந்த 40 வருடக் கதையில் நான் பார்ப்பது இதுதான். எண் மாறவில்லை, எண்ணைக் கேட்கும் உரிமைதான் மாறியிருக்கிறது. முதலில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றிருந்தது, பிறகு விலை கொடுத்து வாங்கியவர் மட்டும் என்று ஆனது. இது நியாயமான மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பதிவேட்டுப் பாடத்தின் இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொத்தை விற்றால் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டும். பழைய நிறுவனம் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமல் விற்ற ஐபேடைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி இயக்கினாலும், அது பழைய முதலாளியைத்தான் தேடும். காசு கொடுத்தவர் கையில் பூட்டிய பலகை! பள்ளி டேப்லெட் என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயரும் இருக்கும். கருவி திரும்பி வந்த அன்றே அந்தப் பெயரையும் அடித்துவிட வேண்டும். பதிவேட்டில் ஏற்றுவதற்குக் காட்டும் அவசரத்தில் பாதியாவது அடிப்பதிலும் காட்டலாமே?